பதினேழாம் நம்பர் டெஸ்ட் டேப்

எங்கள் ஒலிப்பதிவுப் பிரிவின் பழைய மெஷின்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பொறியாளர்கள் ஜனக்புரியில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, மறக்க முடியாத அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார்கள். எந்த மந்திரி குரலைப் பதிவு செய்தீர்கள், யார் எப்படிப் பேசுவார்கள் என்று எழுதினால் சுவாரசியமாக இருக்கும் என்று வழியும் சொல்லிக் கொடுத்தார்கள். மந்திரிகள் வருவார்கள், தண்ணீர் கேட்பார்கள், இருமுவார்கள், போய்விடுவார்கள். அதில் எழுத என்ன இருக்கிறது? நான் ஒரு சுவிட்சைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. அதில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையில் ரேடியோ டிப்ளமோ படித்தேன். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு மந்திரி அலுவலகத்தில் கிளார்க் வேலை, மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கும் மத்திய அரசில் வேலை கிடைத்தது. டேப்பை வெட்டி ஒட்ட, மைக் வைக்க, மீட்டர் பார்க்க ஒரு வருஷம் பயிற்சி. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எங்கள் வேலை செய்திப் படங்களுக்கும் விளக்கப் படங்களுக்கும் ஒலி சேர்ப்பது. அணைக்கட்டு, உரத் தொழிற்சாலை, அம்மை ஊசி. பதினான்கு மொழிகளில் வர்ணனை இருக்கும், அடியில் பின்னணி இசை இருக்கும். ஸ்டூடியோவுக்கு நேர் கீழே நிலவறையில் ஏசி ப்ளாண்ட். அது ஓடினால் தரை முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஏறும். காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. அதனால் கன்ட்ரோல் ரூமில் மீட்டர் இருக்கிற பெட்டியின் வலது ஓரத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் வினாடிக்கு எண்பது அதிர்வுக்குக் கீழே இருக்கிற அடிச் சத்தமெல்லாம் டேப்புக்குப் போகாமல் வெட்டுப்படும். முனகலும் போய்விடும். மனிதக் குரலுக்கு அந்தக் கீழ்ச் சத்தம் தேவையில்லை. ஆகவே அந்த ஃபில்டர் எப்போதும் போட்டே இருக்க வேண்டும், எடுப்பதானால் லாக்-புக்கில் காரணம் எழுத வேண்டும் என்பது நிலையான உத்தரவு. யாரும் எடுத்ததில்லை. யாரோ ஒரு புண்ணியவான் கை தவறிப் பட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின் மேல் பிளாஸ்திரி வேறு ஒட்டியிருந்தார். நானும் அதைச் சுவிட்ச் என்றே நினைத்ததில்லை.

எங்கள் மேலதிகாரி ராஜமாணிக்கம் சார். குடியாத்தத்துக்காரர், விமானப் படையில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கன்ட்ரோல் ரூமில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகு படாமல் நிற்பார். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். தப்பு நடந்தால் கத்த மாட்டார். மூன்று கேள்வி கேட்பார்: "இன்னா பண்ண? எதுக்குப் பண்ண? எழுதி வச்சியா?" இரண்டுக்குப் பதில் சொல்லி மூன்றாவதற்கு முழித்தால் தொலைந்தோம். பாராட்டும் கிடையாது. நன்றாக வேலை செய்தால், "சரி, அடுத்தது" என்பார். அந்த 'சரி' முதல் தடவை வாங்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு மோதி பாக்குக்கு பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

அவருடைய வினோதங்களில் ஒன்று, டேப்பின் தலையில் வாயால் அறிவிப்பு சொல்லிப் பதிய வேண்டும் என்பது. டேப் பெட்டி மேல்தான் சீட்டு ஒட்டுகிறோமே என்று நாங்கள் முணுமுணுப்போம். டெல்லி வெயிலில் பசை காய்ந்து ஒரே கோடையில் சீட்டு உதிர்ந்துவிடும், குரல் உதிராது என்பது அவர் கட்சி. என்ன டேப், எதற்கு, சத்தம் எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு, பதிந்தவர் முதலெழுத்து மட்டும் சொல்ல வேண்டும். முழுப் பெயர் சொல்லக் கூடாது. சர்க்கார் வேலையில் ஆள் முக்கியமில்லை, பதவிதான் முக்கியம்.

அணைக்கட்டுப் படங்களுக்கு நவீனமான இசை வேண்டுமென்று டைரக்டர்கள் கேட்பார்கள். அப்போது ஒரு பெரிய ஹோட்டலில் வாசிக்கிற ஜாஸ் பேண்ட் ஆட்களைக் கூட்டி வருவோம். அதில் ஒருவர் ஆறடி வாத்தியம் ஒன்றைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வருவார். டபுள் பாஸ். வயலினுடைய தாத்தா. கறுத்து ஒல்லியான மனிதர், கோட்டுப் போட்டிருப்பார், எல்லோரோடும் இங்கிலீஷில் பேசுவார். பேண்டில் அவரை வில்ஃபி என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் மைக் வைக்கப் போனபோது என்னோடு இருந்த தமிழ்க்கார டெக்னீஷியனிடம், "பொணப் பெட்டி மாதிரி இதை எங்கே நிறுத்தறது? அந்த மூலையில போகச் சொல்லுங்க" என்று சிடுசிடுத்தேன். எட்டு மணி நேரம் நின்ற கால் வலி எனக்கு.

அந்த மனிதர் வாத்தியத்தின் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மூலைக்குப் போறோம் சிஸ்டர். ஆனா பொணம் இல்ல, உசுரோட கீது."

கோலார் தங்கவயல் தமிழர். முழுப் பெயர் வில்ஃப்ரெட் அற்புதராஜ். அப்பா சுரங்கத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பேண்டில் பெரிய கொம்பு ஊதியவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே மூலைக்குப் போய்விட்டார். நான்கு வருஷம் அந்த மூலையிலேயே நின்று வாசித்தார்.

அவர் செய்த புதுமைகளை இப்போது பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஹோட்டலில் ஒரு பியானோ இருந்தது. டெல்லியின் காய்ந்த காற்றில் அது மாதத்துக்கு ஒரு தடவை சுருதி கெடும், சரிசெய்ய ஆள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதனால் பியானோ வாசிக்க வேண்டியதையும் வில்ஃப்ரெட் சார் பாஸிலேயே வாசித்துவிடுவார். ஒவ்வொரு சுரமாக அடியில் 'தும் தும்' என்று போட்டுக்கொடுப்பதுதான் அந்த வாத்தியத்தின் வேலை. இவர் கட்டைவிரலைத் தந்திகள் மேல் குறுக்கே படுக்க வைத்து, மூன்று தந்தியை ஒன்றாக மீட்டுவார். அடியும் அவர்தான், மேலும் அவர்தான். கோடையில் மரம் வெடிக்காமல் இருக்க, ரப்பர் குழாயில் ஈர வெட்டிவேரை அடைத்துப் பாஸின் வயிற்றுக்குள் தொங்கவிடுவார். அவர் வந்தால் ஸ்டூடியோ முழுக்க கூலர் வாசனை அடிக்கும்.

நாலாவது தந்தி, தடித்தது, அதை அவர் வழக்கத்தைவிட இன்னும் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். குளிர்கால மத்தியானங்களில் நாங்கள் பெண்கள் புல்தரையில் வெயிலுக்கு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம். டெல்லி ஆபீஸ்களில் அது ஒரு பழக்கம். ஒரு நாள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தம்புராவில் அந்த 'ஙொய்' என்ற சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டார். தந்தியைத் தாங்குகிற குதிரை தட்டையாக இருக்கும், தந்திக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள், அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் என்றேன். சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டபோது தெரிந்துகொண்டது. நூல் கொடு என்றார். என்னிடம் இருந்தது என் மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்த பச்சைக் கம்பளி. அடுத்த வாரம் வந்தபோது பாஸின் குதிரையில் நாலாவது தந்திக்கு அடியில் தட்டையாக ஒரு எலும்புத் துண்டு ஒட்டியிருந்தது, அதன்மேல் பச்சை நூல். ஜாஸ் வாத்தியத்தில் என் மகள் ஸ்வெட்டர்.

ஆனால் அந்தத் தந்தி எப்படி ஒலிக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் அந்தச் சுவிட்ச். ஸ்பீக்கரில் வருவதுதான் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாணக்யபுரியில் ஒரு தூதரக ஹாலில் அவர்கள் கச்சேரி. எங்களுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார். நானும் வீட்டுக்காரரும் போனோம். மூன்றாவது உருப்படியில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, வில்ஃப்ரெட் சார் தனியாக வாசித்தார். நாலாவது தந்தியைத் தொட்டார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கை நடுங்கியது. என் விலா எலும்புக்குள் ஏதோ நடக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் முடிவதற்குள் அதன் மேலே கம்பளி நூல் தம்புரா மாதிரி பாட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தானே வாசிக்கிறாரு, ஏன் அழுற?" என்றார்.

இது என் டேப்பில் இல்லையே என்றுதான் அழுதேன். நாற்பது படங்களுக்கு மேல் இந்த மனிதரைப் பதிவு செய்திருக்கிறேன். அவர் வாசித்ததில் பாதியை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். உத்தரவுப்படிதான் செய்தேன் என்று சொல்லலாம். காது இருந்த எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

அடுத்த பதிவுக்கு அவர் வந்தபோது நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஃபில்டர், ஏசி, உத்தரவு எல்லாம். அவர் வெட்டிவேர்க் குழாயைப் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதல் நாள் ஹெட்ஃபோன்ல கேட்டப்பவே தெரியும் சிஸ்டர். கீழ ஒன்னுமே வரல. யாருகிட்டப் போயி சொல்றது? நான் சொன்னா அடுத்த வாட்டி கூப்பிட மாட்டாங்க." பிறகு இடது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் கொக்கியாக மடங்க ஆரம்பித்திருந்தன. உள்ளே சதை இறுகுகிறது, ஒரு வருஷத்தில் தந்தியை அழுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஹோட்டலிலும் அடுத்த சீசனிலிருந்து பேண்ட் கிடையாது, டேப் போட்டு ஆடப் போகிறார்கள். பம்பாயில் ரெக்கார்டு கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். பாஸை மட்டும் யார் வாங்கிக் கேட்பார்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருந்த அவருடைய டேப்புகளும் நிற்காது. படம் முடிந்ததும் இசை டேப்பை காந்தப் பெட்டியில் வைத்துச் சுத்தமாக அழித்து மறுபடி உபயோகிப்போம். அதற்கு 'வாஷ்' என்று பெயர்.

ஆக அவர் வாசிப்பு எங்கேயுமே இல்லை. இன்னும் ஒரு வருஷத்தில் கையிலும் இருக்காது. அதைக் காப்பாற்ற என்னால் முடியும், செய்யாவிட்டால் நான் மனுஷியில்லை என்று தோன்றியது.

ராஜமாணிக்கம் சாருக்கு நோட் எழுதினேன். டபுள் பாஸ் தனி வாசிப்பு, ஃபில்டர் இல்லாமல், ஏசியை நிறுத்திப் பதிவு செய்ய அனுமதி வேண்டும். மாலையே திரும்பி வந்தது. படம் இல்லாமல் தனியாக இசை பதிவு செய்ய இந்தப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. அடியில் சிவப்புக் கோடு.

எனக்கு வந்த கோபத்தில் கதவைத் தட்டக்கூட இல்லை. அவர் மூன்று கேள்வியையும் கேட்டார். நான் மடமடவென்று கொட்டினேன். நாலு வருஷமாக வெட்டியது, கச்சேரி, மடங்குகிற விரல். முடிந்ததும் அவர் கேட்டார்.

"நம்ம மெஷின் எண்பதுக்குக் கீழ ஒழுங்கா வேலை செய்யுதா?"

"தெரியாது சார்."

"ஸ்பீக்கரு?"

"யாரும் பார்த்ததில்லை சார்."

"அப்ப அதை டெஸ்ட் பண்ணணுமா இல்லியாம்மா?"

ரூல் புத்தகத்தை எடுத்து விரித்து என் பக்கம் தள்ளினார். டெஸ்ட் டேப் எடுக்க மேலிட அனுமதி தேவையில்லை. சத்தம் எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். டெஸ்ட் டேப்பை எந்தக் காலத்திலும் வாஷ் பண்ணக் கூடாது. எனக்குப் புரிந்து சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பொய் எழுதக் கூடாது. நெஜமாவே டெஸ்ட் பண்ணணும். மீட்டர் வச்சு, அளந்து, எழுதி" என்றார். புது நோட் போட்டேன். பதினாறு டெஸ்ட் டேப் ஏற்கெனவே இருந்தது. இது பதினேழு.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை ஏசி ப்ளாண்டைச் சுத்தம் செய்ய நிறுத்துவார்கள். ஜூன் மாதம். ஏசி இல்லாத மூடின ஸ்டூடியோவில் உட்காரப் போகிறோம் என்றதும் ப்ளாண்ட் ஆபரேட்டர் பண்டிட்ஜி, மேடத்துக்கு லூ என்கிற அனல் காற்று அடித்து மூளை கலங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஃபேன் போட முடியாது, சத்தம். நான் ஒரு யோசனை செய்தேன். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நாலு பாளம் வரவழைத்து, துணி துவைக்கிற தொட்டிகளில் போட்டு ஸ்டூடியோவின் நாலு மூலையிலும் வைத்தேன். குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, மரத்துக்கும் ஈரம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிளாஸ்திரியைப் பிய்த்து சுவிட்சை மேலே தள்ளினேன். வருஷக்கணக்காக அசையாத சுவிட்ச், நகம் பெயர்ந்தது. வில்ஃப்ரெட் சாரை மூலையில் நிற்க விடவில்லை. ஸ்டூடியோவுக்கு நட்டநடுவே, நாங்கள் மந்திரிகளை உட்கார வைக்கிற இடத்தில் நிறுத்தினேன். இரண்டு விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். முதல் டேக் ஆரம்பித்து மூன்று நிமிஷம். அற்புதமாகப் போகிறது. திடீரென்று 'டக்'. பத்து வினாடி கழித்து இன்னொரு மூலையில் 'டடக்'. ஐஸ் உருகும்போது வெடிக்கும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு எங்கே தெரியும்?

சார் சுவரோரமாக நின்றபடி, "இன்னா பண்ண?" என்று ஆரம்பித்தார். "ஐஸ் வச்சேன் சார், குளிர்ச்சிக்கு வச்சேன், எழுதிடுறேன் சார்" என்று மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு, தொட்டிகளை நானும் பண்டிட்ஜியும் வெளியே இழுத்தோம். வில்ஃப்ரெட் சார் சிரித்த சிரிப்பில் அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் ஈரத் துண்டுகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டோம்.

இரண்டாவது டேக்கில் விரல் பிடித்துக்கொண்டது. அவர் வலியை வெளியில் காட்டவில்லை, ஆனால் தந்தி காட்டிக்கொடுத்தது. நிறுத்தினார். கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டு. உள்ளே வேர்வையில் கோட்டைக் கழற்றி, டையைக் கழற்றி, பனியனோடு நின்றார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து டாக்-பேக் மைக்கில், "இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வெச்சுக்கலாமா சார்?" என்றேன்.

"இன்னிக்கு இருக்கிற விரலு அன்னிக்கு இருக்காது சிஸ்டர். போடு."

மூன்றாவது டேக் பதினோரு நிமிஷம். மோதிர விரலையும் சுண்டு விரலையும் அவர் உபயோகிக்கவே இல்லை. கட்டைவிரலாலும் மற்ற இரண்டு விரலாலும் எல்லாவற்றையும் புதுசாக அந்த இடத்திலேயே மாற்றி வாசித்தார். மூன்று தந்தி ஒன்றாகப் பேசின. அடியில் பச்சைக் கம்பளி பாடியது. கடைசியில் நாலாவது தந்தியை வில்லால் இழுத்து அதன் கீழ்க் கோடிக்குப் போனார். மீட்டர் முள் மெல்ல ஏறியது. கன்ட்ரோல் ரூம் கண்ணாடி அதிர்ந்தது. இடது ஸ்பீக்கர் 'கர்ர்' என்று உறுமியது. ஸ்பீக்கருக்குள் காகிதக் கூம்பு கிழிந்திருக்கிறது, எத்தனை வருஷமாகவோ, கீழ்ச் சத்தமே போகாததால் யாருக்கும் தெரியவில்லை. ஆக டெஸ்ட்டும் நிஜமான டெஸ்ட்தான். நான் திரும்பிப் பார்த்தேன். ராஜமாணிக்கம் சார் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அப்புறம், "சரி, அடுத்தது" என்றார்.

அடுத்தது, டேப்பின் தலையில் வெட்டி ஒட்ட வேண்டிய அறிவிப்பு. 'சோர்ஸ், டபுள் பாஸ்' என்று சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். கலைஞர் பெயர் சொல்கிற வழக்கம் டெஸ்ட் டேப்பில் இல்லை. சார் தடுத்தார். "ஆஸிலேட்டர் மெஷின்ல சத்தம் வச்சு எடுத்தா கம்பெனி பேரு, சீரியல் நம்பர் சொல்றோம் இல்ல? இந்த சோர்ஸுக்கும் முழுசா சொல்லு. எந்த ஊரு தயாரிப்புன்னும் சொல்லு."

மைக்கின் முன்னால் போய் நின்று சொன்னேன்: "டெஸ்ட் டேப் நம்பர் செவன்டீன். லோ ஃப்ரீக்வன்ஸி. சோர்ஸ், டபுள் பாஸ், ப்ளேயர் வில்ஃப்ரெட் அற்புதராஜ் ஆஃப் கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ். எஞ்சினியர், எஸ்.பி." வில்ஃப்ரெட் சார் தலையைக் குனிந்துகொண்டு தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது படத்தில் ஒன்றில்கூட அவர் பெயர் வந்ததில்லை.

லாக்-புக்கில் 'ஃபில்டர் எடுத்ததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'டெஸ்ட்' என்று எழுதினேன். மறுநாள் அதன் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை, ஆபீஸில் இருந்தவரை அவரும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வருஷமே வில்ஃப்ரெட் சார் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். டெஸ்ட் டேப் நல்லபடியாக இருக்கிறது என்று பெயர் பரவி, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் என்று பல ஊர் ஸ்டூடியோக்கள் ஸ்பீக்கர் பார்ப்பதற்குக் காப்பி கேட்டார்கள். எங்கள் காப்பிப் பிரிவில் பெயர் சொல்கிற தலைப் பேச்சை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வருகிற வாசிப்பிலிருந்துதான் எடுத்து அனுப்புவார்கள். அது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தபோது சண்டை போட்டேன், ஆனால் அனுப்பியது அனுப்பியதுதான்.

எண்பதுகளின் கடைசியில் பம்பாயிலிருந்து ரோஷன் என்று ஒரு பார்ஸிப் பெண் வந்தார். ஹோட்டல் ஜாஸ் பற்றி ஊர் ஊராகப் போய் விவரம் சேகரிப்பவர். கல்கத்தாவில் ஒரு பாஸ் வாசிப்பவர் கட்டைவிரலைப் படுக்க வைத்து மூன்று தந்தி வாசிக்கிறார், மெட்ராஸில் சினிமாவுக்கு வாசிக்கிற ஒருவர் நாலாவது தந்தியைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார், பம்பாயில் ஒருவர் இரண்டையும் செய்கிறார், எங்கே கற்றாய் என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில் சொல்கிறார்கள் என்றார். ஸ்டூடியோவில் ஒரு டெஸ்ட் டேப் இருக்கிறது, டெல்லியிலிருந்து வந்தது, யார் என்று தெரியாது, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்தோம். தம்புரா மாதிரி வருகிற அந்தச் சத்தத்துக்காக ஒருவர் ஷூ லேஸ் வைத்துப் பார்க்கிறாராம், இன்னொருவர் பூணூல் வைத்துப் பார்க்கிறாராம். சரியாக வரவில்லையாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். பதினேழாவது பெட்டியில் சீட்டு இல்லை. சொன்ன மாதிரியே உதிர்ந்து தூளாகியிருந்தது. டேப்பை மெஷினில் மாட்டினேன். என் குரல் வந்தது, வில்ஃப்ரெட் சார் பெயரும் ஊரும் வந்தன. ரோஷன் பேனாவை நிறுத்தி, மறுபடி போடச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். அந்த நூல் என்ன என்று கேட்டார். "பச்சைக் கம்பளி. என் பொண்ணு ஸ்வெட்டர்" என்றேன். அந்தக் கணத்தில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

அது இசைத்தட்டாக வந்தது. மேலிட அனுமதி வாங்க ராஜமாணிக்கம் சார் ரிட்டயரான பிறகும் வீட்டிலிருந்து மூன்று கடிதம் வரைந்து கொடுத்தார். தலையில் இருக்கிற அறிவிப்பை வெட்டிவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். வில்ஃப்ரெட் சார் பெங்களூரிலிருந்து ஒரே வரி எழுதினார்: வெட்டினால் தட்டு வேண்டாம்.

சாணக்யபுரியில் அதே தூதரக ஹாலில் வெளியீடு. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்று பாஸ்காரர்களும் வந்து வாசித்தார்கள். மூன்று குதிரையிலும் பச்சை நூல், நான் கொடுத்து அனுப்பியது. வில்ஃப்ரெட் சார் முன் வரிசையில், இரண்டு கையையும் மடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் தட்டைப் போட்டார்கள். அவ்வளவு பெரிய ஹாலில் ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிலீஷில் "டெஸ்ட் டேப் நம்பர் செவன்டீன்" என்று என் குரல் கணீரென்று கேட்டது. இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் பெயர் வந்ததும் அடங்கினார்கள். அப்புறம் நாலாவது தந்தி வந்தது, எல்லோருடைய நாற்காலியும் நடுங்கியது. ஹால் முழுக்க எழுந்து நின்று அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது. அவர் மெல்ல எழுந்து, திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"அந்த நாலு வருஷத்துக்கு இது சரியாப் போச்சு சிஸ்டர்" என்றார் பக்கத்தில் வந்ததும்.

ராஜமாணிக்கம் சார் அங்கேயும் உட்காரவில்லை. கதவோரச் சுவரில் நின்றார். நான் போய் வணக்கம் சொன்னேன். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. "சரி" என்றார். 'அடுத்தது' என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "லாக்-புக்கில அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியேதான கீது? எழுதி வச்சியா?" என்று கேட்டார். எழுதிடுறேன் சார் என்றேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். நான் எழுதவில்லை. உத்தியோகத்தில் இருக்கும்வரை அந்தக் காரணத்தை என் கையெழுத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது லாக்-புக்குகளையும் கழிக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன் சார்.

ஃபில்டர் எடுத்ததற்குக் காரணம்: நாலு வருஷமாக ஒரு பெரிய கலைஞர் வாசித்ததில் பாதியை நான் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன். அதை நிறுத்துவதற்காக எடுத்தேன். பதிந்தவர்: ஸ்ரீவில்லிபுத்தூர் எஸ். பாக்கியலட்சுமி.